பெயருக்கு யார் காவல்?

வன்முறை வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்பது பற்றிய வழக்கில், 2011இல், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் அலிட்டோ தமது கருத்துரையின் அடிக்குறிப்பில் ஓர் இணைய முகவரியைக் கொடுத்திருந்தார். பின்னாளில் அந்த முகவரி கைவிடப்பட்டது. வேறொருவர் அதை வாங்கி, ‘இந்தப் பக்கத்தை நம்பி மேற்கோள் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் பார்த்தீர்களா’ என்கிற தொனியில் ஒரு கிண்டலை எழுதிவைத்தார். சுட்டியை அழுத்தினால் பக்கம் திறந்தது. நீதிபதி காட்டிய ஆதாரம்தான் அங்கே இல்லை.

இணைய முகவரியும் ஒருவகைப் பெயர்தான். பெயர் என்றால் திறந்தே ஆகவேண்டும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். புத்தகத்தின் பின்னட்டையிலுள்ள ஐஎஸ்பிஎன் எதையும் திறப்பதில்லை. ஆனால் பதிப்பகமே மூடிப்போனாலும், அந்த எண் எந்த நூலின் எந்தப் பதிப்பைக் குறிக்கிறது என்பதில் நூலகருக்குக் குழப்பம் வராது. அடையாளம் காட்டுவதுதான் பெயரின் வேலை. பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பது அதற்கு மேல் ஒரு சேவை.

ஆய்விதழ்க் கட்டுரைகளுக்குத் தரப்படும் டிஓஐ (DOI) என்ற அடையாளக் குறி இந்த இரண்டு வேலைகளையும் இணைக்கப் பார்க்கிறது. 10 என்று தொடங்கி, பதிவுசெய்தவருக்கான எண், ஒரு சாய்கோடு, அப்புறம் கட்டுரைக்கான குறி. இதழ் வேறு நிறுவனத்துக்குக் கைமாறினாலும் குறி மாறாது. அது காட்டும் முகவரியை மட்டும் பதிவேட்டில் திருத்திவிடுவார்கள். திருத்த ஆளில்லாவிட்டால் டிஓஐயும் வெறும் பக்கத்தில் போய் முட்டி நிற்கும். எந்தக் குறியும் தானாக நிரந்தரமாவதில்லை. யாரோ பதிவேட்டைக் கட்டிக்காக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம்மிடமும் இதற்கு முன்மாதிரி உண்டு. மதுரைத் திட்டம் 1998 முதல் தன் மின்னூல்களுக்கு வரிசையெண் இட்டுவருகிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேகரிக்கும் நூலகம் நிறுவனம் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ‘நூலக எண்’ தருகிறது. அதற்கும் முன்பே, ஜனவரி இதழ் ஏப்ரலில் வந்த காலத்திலும், சிற்றிதழ்கள் ‘மலர் 2, இதழ் 3’ என்று முகப்பில் அச்சிடத் தவறவில்லை. அதோடு பக்க எண்ணும் இருந்தால், எந்த நூலகத்தில் பிரதி இருந்தாலும் கட்டுரையைத் தேடி எடுத்துவிடலாம். இணையத்துக்குப் போனதும் அந்த வழக்கத்தைத்தான் முதலில் கைவிட்டோம். ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்த முகவரியோடு கட்டுரையும் போய்விடுகிறது. மேற்கோள் காட்டியவரிடம் செத்த சுட்டி ஒன்றுதான் மிச்சம்.

ஆகவே, இனி எங்கள் இதழின் இணையப் படைப்புகளிலும் மலர், இதழ், வரிசையெண் மூன்றும் இருக்கும். ஒருமுறை இட்ட எண்ணை இன்னொரு படைப்புக்குத் தரமாட்டோம். எண்களின் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் அச்சிதழிலும் வரும். எங்களை மேற்கோள் காட்டுபவர்கள் சுட்டியோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆசிரியர், தலைப்பு, எண் மூன்றையும் எழுத வேண்டும். சக இதழாளர்களும் இதைச் செய்யலாம்; ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.