போகவந்தலாவைக்கு வரவேண்டிய நூதனசாலை

போகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் பெயரெடுத்து, 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்த புகைப்படக் கலைஞர் அவர். இன்று விக்டோரியா அல்பர்ட் நூதனசாலை எனப்படும் லண்டன் நிறுவனம் 1865இலேயே அவருடைய படங்களை வாங்கிவிட்டது. அவர் படமெடுத்த டார்வினுக்கும் டென்னிசனுக்கும் படத்தின் கீழே பெயர் உண்டு. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் எஞ்சியவை கொஞ்சம்தான். அவற்றில் நிற்கும் தொழிலாளர்களும் குடியானவர்களும் பெரும்பாலும் பெயரில்லாமலே நிற்கிறார்கள். அந்தப் படங்கள் பிரித்தானிய, அமெரிக்க நூதனசாலைகளில் இருக்கின்றன. கல்லறைக்கு நடந்துபோகும் தூரத்தில் படிக்கும் பிள்ளைகளை எந்தப் பாடமும் அவற்றிடம் கூட்டிப்போவதில்லை. இணையவழி வகுப்பால் இதை மாற்ற முடியும் என்று நம்புகிறேன். ஆனால் பிள்ளையின் போனுக்கு ஒரு இணைப்பை அனுப்பிவிட்டு, நூதனசாலையைக் காட்டிவிட்டோம் என்று சொல்லும் வகுப்பால் முடியாது.

நேரில் போவதே மேல் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போய்த் திரும்புவதிலேயே பகல் கழிந்துவிடும். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளமாக 2024இல் தீர்மானமானதே 1,350 ரூபாதான்; சுற்றுலாவுக்குப் பிள்ளையோடு போகும் தாய்க்கு அன்றைய சம்பளமும் இல்லை. இத்தனைக்கும் க.பொ.த. சாதாரண தரச் சித்திரப் பாடத்தை எடுக்கும் மாணவர் சிகிரியா ஓவியத்தையும் பொலன்னறுவைச் சிற்பத்தையும் ஓவியர் ஜோர்ஜ் கீற்றையும் பற்றி எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் விரல் நீளத்துக்கு அச்சான படத்தைப் பார்த்து, நிறமும் கோடும் எப்படி என்று மனப்பாடம் செய்வதற்குப் பெயர் கலை ரசனை ஆகாது.

எப்படிப்பட்ட வகுப்பு பயன் தரும் என்பதற்கு ஓர் ஆய்வு வழிகாட்டுகிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கிறிஸ்டல் பிரிட்ஜஸ் கலை நூதனசாலை 2011இல் திறக்கப்பட்டபோது, பார்க்க விண்ணப்பித்த பாடசாலைகள் அதன் கொள்ளளவைத் தாண்டின. ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் சிலவற்றை முதலில் அனுப்பி, 123 பாடசாலைகளின் ஏறக்குறைய 11,000 மாணவர்களை ஒப்பிட்டார்கள். போய்வந்த பிள்ளைகள் முன்பின் பார்த்திராத ஓவியத்தையும் கூர்ந்து நோக்கிக் காரணத்தோடு பேசினார்கள். கிராமப்புற, வறிய பாடசாலைப் பிள்ளைகளிடம் இந்த முன்னேற்றம் இன்னும் கூடுதலாக இருந்தது. அது நேரடி வருகை பற்றிய ஆய்வு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் அங்கே செய்தது என்ன? ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஐந்து ஓவியங்களை மட்டும் பார்த்தார்கள், அவற்றைப் பற்றிப் பேசினார்கள். மண்டபம் மண்டபமாக ஓடவில்லை. திரை வழியாகக் கொண்டுவர முடிவது இந்த நிதானத்தையும் பேச்சையும்தான். கமரனின் ஒரு படத்தை நாற்பது நிமிடம் வைத்துக்கொள்ளலாம். ஏன் யாரும் சிரிக்கவில்லை? அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் உருவம் பதியப் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். அப்படி அசையாதே என்று சொன்னவர் யார், கேட்டு நின்றவர் யார், இவர்களின் பெயரை யாரும் ஏன் எழுதி வைக்கவில்லை? எட்டாம் தரப் பிள்ளைக்கு இவை தாங்காத கேள்விகள் அல்ல.

மலையகத்தில் சிக்னலே இல்லையே என்பார்கள். நியாயமான மறுப்பு. 2021இல் பதுளை மாவட்டத்து போஹிட்டியாவப் பிள்ளைகள் இணைய வகுப்புக்காகப் பாறையேறிய படங்களை உலகமே பார்த்தது. கொவிட் காலத்தில் செய்த பிழை, வகுப்பைத் தனித்தனிப் பிள்ளையின் போனுக்கும் தாய்தகப்பனின் டேட்டா காசுக்கும் விட்டதுதான். நூதனசாலை வகுப்புக்கு அது வேண்டாம். பாடசாலைக்கு ஒரு நல்ல இணைப்பு, ஒரு புரொஜெக்டர், வெள்ளையடித்த ஒரு சுவர் போதும். முப்பது பிள்ளைகள் ஒன்றாக ஒரே படத்தைப் பார்ப்பதே இதற்குப் பொருத்தம். ஒருவர் கண்ணுக்குத் தப்பியதை மற்றவர் காட்டுவார்.

திரை அசலாகாது என்ற மறுப்பு இதைவிட ஆழமானது. திரையில் மோதிரமும் மலையும் ஒரே அளவு. ஆனாலும் அசல் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கிழக்குக் கரையில் கிடைத்த பொன்பூச்சுத் தாரா சிலையை முன்னாள் ஆளுநர் பிரவுன்றிக் 1830இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். கொழும்புப் பிள்ளையும் இங்கே பிரதியைத்தான் பார்க்க முடியும். அதன் உயரம் 143 சென்ரிமீற்றர். ஆசிரியர் சுவரில் சுண்ணக்கட்டியால் அந்த உயரத்துக்குக் கோடு போட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தலாம். இழந்த அளவு ஓரளவு திரும்பிவிடும்.

கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்குமே ஆசிரியர் இல்லாத இடத்தில் சித்திரம் எதற்கு என்ற கேள்வியை என்னால் ஏற்க முடியாது. கவனித்துப் பார்ப்பதும், பார்த்ததற்குக் காரணம் சொல்வதும் விஞ்ஞான அறைக்கும் வேண்டியவைதானே. ஆசிரியர் குறைவாக உள்ள பாடசாலைக்குத்தான் வெளியிலிருந்து வரும் ஒரு குரல் அதிகம் உதவும்.

அந்தக் குரல் தமிழில் வர வேண்டும். 1877இல் திறந்த கொழும்பு தேசிய நூதனசாலையில் பொலன்னறுவையில் கிடைத்த காரைக்கால் அம்மையார் வெண்கலம் இருக்கிறது: வற்றிய உடம்பு, கையில் தாளம். கோயிலில் அம்மையார் கதை கேட்ட தோட்டப் பிள்ளைக்கு அவரை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிற்பி அந்த எலும்பை எப்படி அழகாக்கினான் என்று பேசத் தொடங்கிவிடலாம். 2019இல் கொழும்பில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை நூதனசாலை மும்மொழியிலும் இயங்குகிறது. ஆகவே மொழியைத் தடையாகச் சொல்ல இடமில்லை. தேசிய நூதனசாலைகள் திணைக்களம் தமிழ் பேசும் ஓர் அலுவலருக்கு வாரத்தில் ஒரு காலையை ஒதுக்கட்டும். ஹட்டன், நுவரெலியா கல்வி வலயங்கள் பத்துப் பாடசாலைகளோடு தொடங்கட்டும். அடுத்த தவணையில் கமராவைத் திருப்பலாம். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் 2007 முதல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை இருக்கிறது. அங்குள்ள லயன் காம்பராவில் நின்று ஒரு ஹட்டன் பிள்ளை விளக்கட்டும், கொழும்பு வகுப்பறைகள் கேள்வி கேட்கட்டும்.