மூணு கார்டுக்காரங்ககிட்ட வாங்கின கடன்

முதல்ல ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கு. அதைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன்.

எங்க ஹாஸ்டல்ல என் ரூமுக்கு நேர் மேல் ரூம்ல ஒரு ஜூனியர் பையன். எந்நேரமும் பங்க் கேட்பான். போன செமஸ்டர்ல ஒருநாள் மெஸ்ஸுல நாலு பேர் முன்னாடி வச்சு, "மூணு கார்டு பிடிக்கத் தெரியணும், தொண்டை கிழியக் கத்தத் தெரியணும், அவ்வளவுதானே? இதுக்குப் பேர் பாட்டாடா?"னு கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கலை. "அண்ணா, உங்களுக்கு ஸ்லேயர் பிடிக்கும்ல? 'அன்டிஸ்ப்யூட்டட் ஆட்டிட்யூட்' ஆல்பம் கேட்டிருக்கீங்களா?"ன்னான். கேட்டிருக்கேனேன்னு கூசாம ஒரு பொய் சொல்லிட்டு தட்டைக் கழுவப் போயிட்டேன்.

கேட்டதே இல்லைங்க. ஸ்லேயர் ரசிகர்கள் பாதிப் பேர் அதைத் தொட மாட்டாங்க. அடுத்தவங்க பாட்டை எடுத்து வாசிச்ச ஆல்பம்தானே, அதுல என்ன இருக்கப் போகுதுன்னு ஒரு அலட்சியம். எனக்கும் அதே அலட்சியம்தான்.

அன்னைக்கு ராத்திரி கேட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசமா வேற எதுவும் ஒழுங்கா கேட்க முடியலை.

ஸ்லேயர் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1981ல் கலிஃபோர்னியாவில் கெர்ரி கிங், ஜெஃப் ஹன்னமன்னு ரெண்டு கிடார்காரங்க சேர்ந்து ஆரம்பிச்ச த்ராஷ் மெட்டல் குழு. பேஸ் வாசிச்சுக்கிட்டே பாடறவர் டாம் அராயா, சிலியில் பிறந்தவர். டிரம்ஸ் டேவ் லொம்பார்டோ, கியூபாவில் பிறந்தவர். 2019ல் கடைசிக் கச்சேரின்னு சொல்லி விடைபெற்று, 2024ல் மறுபடி மேடையேறினாங்க. ஹன்னமன் மட்டும் 2013லேயே இறந்துட்டார். இந்தக் கட்டுரையோட கதாநாயகன் அவர்தான். ஒரு வகையில வில்லனும் கூட.

நான் ஸ்லேயருக்கு அடிமையானது 1986ல் வந்த 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பத்தால. பத்துப் பாட்டு, மொத்தம் 29 நிமிஷம். எவ்வளவு சின்னதுன்னா, கேசட்டோட ஒரு பக்கத்துலயே முழு ஆல்பமும் அடங்கிடுச்சு. ரெண்டாவது பக்கத்துலயும் அதையே திரும்பப் பதிஞ்சு வித்தாங்க. முன்னுரை கிடையாது, நீட்டி முழக்கறது கிடையாது, பாட்டு ஆரம்பிக்கறப்பவே நடுவுல இருக்கும். இதைத்தான் நான் இத்தனை நாளா "இதுடா மெட்டல்"னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டிருந்தேன்.

இப்ப அதுக்கு முந்தின வருஷம் வந்த 'ஹெல் அவெய்ட்ஸ்' ஆல்பத்தைக் கேளுங்க. அதே நாலு பேர்தான். ஆனா ஏழே பாட்டு, அதுல பல பாட்டு அஞ்சு, ஆறு நிமிஷம். ஒரு ரிஃப் போய், இன்னொண்ணு வந்து, திரும்ப முதல் ரிஃப்புக்கே வந்து, நடுவுல கிடார் தனி ஆவர்த்தனம்னு ஊர்வலம் மாதிரி போகும். ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன், வெனம்னு அவங்க யாரைக் கேட்டு வளர்ந்தாங்களோ அந்த வாசனை பளிச்சுனு அடிக்கும்.

ஒரே வருஷத்துல அந்த ஊர்வலம் எப்படி ஓட்டப்பந்தயம் ஆச்சு? இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லைங்கறதுதான் எனக்கு வெட்கமா இருக்கு. திறமை கூடினதால வேகம் கூடுச்சுன்னு நானே ஒரு பதிலை வச்சுக்கிட்டேன்.

நிஜமான பதில் ஹன்னமனோட இசைத்தட்டு அலமாரியில இருந்திருக்கு. பிளாக் ஃப்ளாக், டெட் கென்னடீஸ், டி.எஸ்.ஓ.எல்., மைனர் த்ரெட், டி.ஆர்.ஐ. எல்லாமே அமெரிக்காவுல கிளம்பின ஹார்ட்கோர் பங்க் குழுக்கள். அவர்தான் இதையெல்லாம் கொண்டுவந்து மத்த மூணு பேர் காதுலயும் போட்டவர். லொம்பார்டோ உடனே பிடிச்சுக்கிட்டார், கெர்ரி கிங்குக்குக் கொஞ்ச காலம் பிடிச்சது. 1984ல் ஹன்னமனும் லொம்பார்டோவும், சூசைடல் டென்டன்சீஸ் குழுவோட கிடார்காரர் ராக்கி ஜார்ஜும் சேர்ந்து 'பாப் ஸ்மியர்'னு தனியா ஒரு ஹார்ட்கோர் குழுவே நடத்தியிருக்காங்க. சூசைடல் டென்டன்சீஸோட 'இன்ஸ்டிட்யூஷனலைஸ்டு' பாட்டு வீடியோவுல அராயா ஒரு நொடி தலையைக் காட்டுவார், தேடிப் பாருங்க. ரெண்டு கூட்டமும் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரிதான் இருந்திருக்காங்க. சுவர் எழுப்பினது நம்மள மாதிரி ரசிகர்கள்.

அலமாரியில இருந்ததுங்கறதுக்காக அது பாட்டுல இருக்கும்னு சொல்ல முடியாதேன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். காதால கேட்டே சரிபார்க்கலாம் வாங்க.

முதல்ல டிரம்ஸ். மெட்டல்னா ரெண்டு காலாலயும் மாத்தி மாத்தி உதைக்கிற அந்த 'தடதட'ன்னு நான் நெனச்சிருந்தேன். ஆனா 'ரெய்ன் இன் பிளட்'ல பாட்டை இழுத்துக்கிட்டு ஓடறது பெரும்பாலும் அது இல்லை. கால் ஒண்ணு, கை ஒண்ணு, கால் ஒண்ணு, கை ஒண்ணுன்னு ரயில் தண்டவாளத்துல ஓடற மாதிரி ஒரு அடி. அது அப்படியே ஹார்ட்கோர் அடி. மைனர் த்ரெட்டோட 1981 முதல் இசைத்தட்டைக் கேட்டுட்டு உடனே இதைக் கேளுங்க, ஒரே ரத்தம்னு தெரியும்.

ரெண்டாவது, நீளம். டி.ஆர்.ஐ.யோட 'டர்ட்டி ராட்டன்' இசைத்தட்டுல 22 பாட்டு, மொத்தமே 18 நிமிஷத்துக்குப் பக்கம்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சுன்னா எழுந்து போயிடணும்ங்கறது ஹார்ட்கோர் சட்டம். 'ரெய்ன் இன் பிளட்' நடுவுல இருக்கற ரெண்டு நிமிஷப் பாட்டுகள் எல்லாம் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான்.

மூணாவது, ஒலி. தயாரிப்பாளர் ரிக் ரூபின் அதுவரைக்கும் ஹிப்ஹாப் பண்ணிக்கிட்டிருந்தவர், அதனாலதான் எதிரொலியை எல்லாம் உரிச்சு எடுத்து வறட்டுச் சத்தமா வச்சார்னு எல்லாரும் சொல்வாங்க. சரிதான். ஆனா அந்த ரூபினே ஹிப்ஹாப்புக்கு முன்னாடி கல்லூரிக் காலத்துல 'ஹோஸ்'னு ஒரு பங்க் குழுவுல கிடார் வாசிச்சவர். தோண்டத் தோண்ட அதே தண்ணிதான் வருது.

அப்ப, நான் ஸ்லேயர்ல எதையெல்லாம் "மெட்டல்"னு காதலிச்சேனோ, அதுல பாதி நான் மெஸ்ஸுல கிண்டல் பண்ணின மூணு கார்டுக்காரங்க கொடுத்தது.

(ஒருவழிக் கடன் இல்லைங்க இது. பிளாக் ஃப்ளாக்கோட 1984 ஆல்பம் 'மை வார்' ரெண்டாம் பக்கம் முழுக்க ஆமை வேகத்துல ஊர்ந்து போகும், அதுல பிளாக் சாபத் நிழல் தெரியும். கொடுக்கல் வாங்கல் ரெண்டு பக்கமும் நடந்திருக்கு.)

இத்தோட நிறுத்தியிருந்தா "எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, எல்லாரும் கேளுங்க"ன்னு சந்தோஷமா முடிச்சிருப்பேன். ஆனா அந்த 1996 ஆல்பத்துல ஒரு பாட்டு இருக்கு.

மைனர் த்ரெட்டோட 'கில்ட்டி ஆஃப் பீயிங் வொயிட்'. வெள்ளையனாப் பிறந்ததே குத்தம்னு அர்த்தம். தலைப்பைக் கேட்டதும் திக்குனு இருக்கும். எழுதினவர் இயன் மெக்காய். வாஷிங்டன்ல கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையா இருந்த அரசுப் பள்ளியில படிச்சவர். தோல் நிறத்தை மட்டும் வச்சு, முன்னோர் செஞ்ச பாவத்துக்காகத் தன்னை அடிச்சாங்கன்னு ஒரு விடலைப் பையனோட கோபம் அது. நிறத்தை வச்சு யாரை எடைபோட்டாலும் தப்புங்கறதுதான் பாட்டுன்னு அவர் பல தடவை விளக்கியிருக்கார். என்னைக் கேட்டா அது முழுமையா யோசிச்சு எழுதின பாட்டு இல்லை. அடிமைத்தனமும் அதுக்கப்புறம் வந்த ஒதுக்கலும் முடிஞ்சுபோன பழங்கதைன்னு ஒரு பத்தொன்பது வயசுப் பையன் வேணா நெனைக்கலாம், அது முடியலையே. ஆனா பாடறவன் யாரு, எங்க நின்னு பாடறான்னு பாட்டுக்கு ஒரு விலாசம் இருக்கு. அவன்கிட்ட நேராப் போய் சண்டை போடலாம்.

ஸ்லேயர் அதை வாசிச்சப்ப, கடைசியில 'வொயிட்'டை எடுத்துட்டு 'ரைட்'னு போட்டாங்க. வெள்ளையா இருக்கறதுதான் குத்தம்னு முடிஞ்ச பாட்டு, சரியா இருக்கறதுதான் குத்தம்னு முடியுது. ஒரே ஒரு சொல். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு யோசிங்க. வெள்ளைன்னா சரின்னு சொல்றவங்களுக்கு இதைவிட என்ன வேணும்?

மெக்காய் இதைக் கேட்டு ரொம்பவே மனசு புண்பட்டதா வெளிப்படையாவே சொன்னார். கெர்ரி கிங் அது விளையாட்டுக்குப் பண்ணினது, இனவெறின்னு சொல்றதே அபத்தம்னு பதில் சொன்னார். அவங்க இனவெறியர்கள்னு நானும் சொல்ல வரலை. ஆனா நாஜி மருத்துவர் மெங்கலே பத்திப் பாட்டு எழுதி, அதனால கொலம்பியா நிறுவனம் ஆல்பத்தை வினியோகிக்க மறுத்து, பத்து வருஷமா இதே குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருந்த குழுவுக்கு அந்த ஒரு சொல் எங்க போய்க் குத்தும்னு தெரியாமலா இருந்திருக்கும்?

ராத்திரி ஒன்றரை மணிக்கு ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு இதைக் கேட்டப்ப, நான் என்ன நிறம்னு எனக்கே சட்டுனு ஞாபகம் வந்தது. மூணு வருஷமா அந்தக் குழுவோட சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியறவன் நான். முதல் தடவையா, இந்தச் சிரிப்புல நான் சிரிக்கிற பக்கத்துல இருக்கேனா, சிரிக்கப்படற பக்கத்துல இருக்கேனான்னு சந்தேகம் வந்துடுச்சு.

அப்புறம்தான் இன்னொண்ணு தெரிஞ்சது. மெக்காய்க்கு வழி காட்டினது யாரு? அவரே பேட்டிகள்ல சொல்றார், 'பேட் பிரெயின்ஸ்'. அதே வாஷிங்டன்ல கிளம்பின நாலு கறுப்பினக் கலைஞர்கள். ஜாஸ் ஃப்யூஷன் வாசிச்சுக்கிட்டிருந்துட்டு பங்க் பக்கம் வந்தவங்க. 1980ல் வந்த அவங்களோட முதல் இசைத்தட்டைக் கேளுங்க, அந்த வேகத்துல ஒரு சுரம் பிசகாது. மூணு கார்டு, கத்தல்னு நான் சொன்னதுக்கு இவங்களே போதும் பதில். (இவங்களும் புனிதர்கள் இல்லை. 1982ல் ஒருபாலீர்ப்பு உள்ள சக கலைஞர்கள்கிட்ட நடந்துக்கிட்ட விதத்துக்காகக் கடுமையான கண்டனம் வாங்கினாங்க.)

இப்ப கோட்டை நீட்டிப் பாருங்க. ஸ்லேயரோட வேகம் ஹார்ட்கோர்லருந்து. அந்த ஹார்ட்கோர் வேகத்துக்கு முன்னோடி, கறுப்பினத்தவர் நாலு பேர். அந்த வேகத்தை வச்சே, அந்த ஒரு சொல்லை மாத்தி ஒரு "விளையாட்டு".

என் கட்சி இதுதான். மெட்டல் ஹார்ட்கோர்கிட்டருந்து வேகத்தை வாங்கினது, சுருக்கத்தை வாங்கினது, கோபத்தையும் வாங்கினது. வாங்காம விட்டது ஒண்ணுதான்: சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேத்துக்கறது. ஹார்ட்கோர்ல "நான் சொல்றேன், நீ என்ன சொல்றே?"ங்கற தொனி இருக்கும். மெக்காயும் நண்பர்களும் டிஸ்கார்டுன்னு சொந்தமா ஒரு நிறுவனம் வச்சு, இசைத்தட்டைக் கம்மி விலைக்கு வித்து, பாட்டு பத்தி யார் கேட்டாலும் உக்காந்து பதில் சொன்னாங்க. ஸ்லேயர் "நாங்க எதையும் ஆதரிக்கலை, நடந்ததைக் காட்டறோம், அவ்வளவுதான்"னு ஒதுங்கிக்கிட்டாங்க. பேய், பிசாசு, போர்னு பாடற வரைக்கும் அந்தப் பதில் செல்லும். அடுத்தவனோட சொந்தக் கதையை வாங்கி, அதோட கடைசிச் சொல்லைத் திருகினா செல்லாது.

ஸ்லேயரை இனிமே கேட்க மாட்டேனான்னா, கேட்பேன். இதை எழுதறப்பகூட 'ரெய்ன் இன் பிளட்' ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஹன்னமன் அந்த ஆல்பத்துல தன் கடனைப் பெருமையாத்தான் அடைச்சிருக்கார். 1996 ஆல்பத்துலயும் பல பாட்டு நிஜமான மரியாதையோட வாசிச்சதுதான், அது இல்லாம நான் மைனர் த்ரெட்டையோ பேட் பிரெயின்ஸையோ தேடிப் போயிருக்கவே மாட்டேன். அந்த ஒரு பாட்டை மட்டும் லிஸ்ட்டுலருந்து தூக்கிட்டேன். சட்டை இன்னும் அலமாரியில இருக்கு. முன்ன மாதிரி யோசிக்காம எடுத்து மாட்டிக்க முடியலை.

மேல் ரூம் பையன்கிட்ட போன வாரம் போய் விஷயத்தைச் சொன்னேன். "பரவால்லண்ணா"ன்னு சொல்லிட்டு பேட் பிரெயின்ஸ்ல அடுத்து எதைக் கேட்கணும்னு ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்தான். நல்ல பையன். ஆனா நான் அவனைக் கிண்டல் பண்ணினது ரூமுக்குள்ள இல்லை, மெஸ்ஸுல நாலு பேர் முன்னாடி. அந்த நாலு பேரும் இதைப் படிப்பீங்கன்னு தெரியும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லாரும் இருப்பீங்கல்ல? அங்கயே வந்து சொல்லிடறேன்.