வலி நின்ற பிறகு

“வலி சுத்தமா இல்ல சார், ஆடலாமா?” என்று, முழங்கால் ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாவது மாதத்திலேயே வந்து நிற்கும் இளைஞனிடம், இதுவே நீ மிகுந்த ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காலம் என்று அவன் மனம் ஏற்கும்படி எடுத்துச் சொல்வதுதான், விளையாட்டு வீரர்களின் தேகப் பயிற்சியையும் காயத்திலிருந்து மீளும் பயிற்சியையும் கவனித்து வரும் என் தொழிலில் மிகக் கடினமான காரியம்.

அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக, வீரனுடைய பின்தொடையிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாணில் ஒரு பகுதியை எடுத்து, எலும்பில் துளையிட்டு வைத்தியர் பொருத்துகிறார். பொருத்திய தினத்தில் உறுதியாக இருக்கும் அந்த ஒட்டு, தன் பழைய ரத்த ஓட்டத்தை இழந்துவிட்டதால், சில வாரங்களில் பழைய உயிரணுக்கள் மடிந்து, புதிய ரத்த நாளங்கள் உள்ளே படர்ந்து, மெல்ல மெல்ல ஜவ்வின் சுபாவத்தை அடைகிறது; இந்த மாற்றத்தின் நடுவே, ஏறக்குறைய இரண்டாவது, மூன்றாவது மாதங்களில்தான், அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. வீக்கம் வடிந்து, நடை சீராகி, வீட்டார் முகம் மலர்வதும் அதே மாதங்களில்தான். போதாக்குறைக்கு, மூட்டுக்குள் நீர் கோத்திருந்த நாட்களில் நரம்பு மண்டலம் முன்தொடைத் தசையை இயங்கவிடாமல் அடக்கி வைத்துவிடுவதால் அந்தத் தசை கண்முன்னே சூம்பிப் போகிறது. எத்தனை எண்ணெய் தேய்த்து நீவினாலும் அது திரும்புவதில்லை; படிப்படியாகப் பாரம் ஏற்றினால்தான் திரும்பும்.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கபடி ரெய்டருக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆட்ட விரிப்பில் பாதம் பதிந்து நிற்க, உடல் மட்டும் திரும்பியதில் ஜவ்வு அறுந்து, அறுவை சிகிச்சையும் முடிந்த ஐந்தாவது மாதத்தில், ஓர் அணிக்கான தேர்வு அறிவிக்கப்பட்டது. அதில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு வழி திறக்கும் என்ற நம்பிக்கையில், அவனுடைய தாய் என்னைத் தேடி வந்து, “இந்த ஒரு தடவை விட்டுடுங்க சார், புள்ள பொழச்சுக்குவான்” என்றார். தையற்காரர் நாடாவால் அளந்து பார்த்திருந்தேன்; காயம்பட்ட கால் தொடையின் சுற்றளவு மற்றதைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவு. என் நோட்டில் அந்த அளவை எழுதி வைத்துக்கொண்டும், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்வின் இரண்டாவது நாளில் அதே முழங்கால் மறுபடியும் போயிற்று. அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது இன்றும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

2016-இல் வெளியான டெலவேர்–ஆஸ்லோ ஆய்வை நான் படித்தது அதற்குப் பின்னர்தான். ஜவ்வு சிகிச்சை பெற்ற 106 பேரை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வில், கால் பலத்திலும் தாவலிலும் குறித்த தகுதிகளை எட்டாமல் களத்துக்குத் திரும்பியவர்களில் நூற்றுக்கு 38 பேர் மறுபடி முழங்காலில் காயமடைந்தார்கள். எட்டிய பின் திரும்பியவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கும் குறைவு. ஒன்பதாவது மாதம்வரை பொறுக்கும் ஒவ்வொரு மாதமும் அபாயத்தை ஏறக்குறைய பாதியாக்குகிறது என்றும் அவர்கள் கண்டார்கள்.

தொழிலில் வளர்ச்சி என்பது, என் அனுபவத்தில், பெரும்பாலும் கற்றதைத் திருத்திக்கொள்வதாகவே இருந்திருக்கிறது. ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, உயர்த்தி வை என்ற நான்கையும் 1978-இல் தம் நூலின் வழியே உலகெங்கும் பரப்பிய அமெரிக்க வைத்தியர் கேப் மிர்கின், ஐஸும் பூரண ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் தாமே எழுதினார். ஐஸ் பெட்டியைச் சுமந்து மைதானம் மைதானமாக அலைந்த எனக்கு அது அதிர்ச்சியாக இருந்தாலும், தம் பெயரோடு ஒட்டிய உபதேசத்தையே மாற்றிக்கொண்ட அப்பெரியவரின் நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் பயிற்சியாளன் ஒருவனின் அறிவு மட்டும் போதாது. ஈட்டி எறியும் வீரர் நீரஜ் சோப்ரா 2019 மே மாதம் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அவ்வாண்டு தோஹாவில் நடந்த உலகப் போட்டியை இழந்து, 2020 ஜனவரியில் திரும்பி வந்து 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் தகுதி பெற்று, 2021-இல் டோக்கியோவில் தங்கம் வென்றாரென்றால், பொறுத்திருந்த மாதங்களில் அவருக்கு ராணுவ உத்தியோகம் கையில் இருந்தது. கிராமத்துக் கபடி வீரனுக்கு அந்த ஆதாரம் எங்கே? ஆகவே தேர்வுக் குழுக்களை நான் வேண்டுவது இது: காயத்திலிருந்து மீண்டு வருபவன் என்று வைத்தியரும் பயிற்சியாளரும் எழுத்துமூலம் உறுதி சொன்னால், அவனுக்கு அடுத்த தேர்வு வரை அவகாசமும், வயது வரம்பில் அதற்கேற்ற சலுகையும் கொடுங்கள், தேர்வு மைதானத்தில், ஆடக்கூடாது என்று தடுக்கும் அதிகாரத்தோடு ஒருவரை நிறுத்துங்கள். அளப்பதற்கு லட்ச ரூபாய் இயந்திரம் வேண்டியதில்லை. ஒற்றைக் காலால் தாவும் தூரத்தை அளக்க ஒரு நாடாவும் சாக்பீஸும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

இப்போது என்னிடம் பயிலும் ஒரு பெண்ணுக்கு இது ஏழாவது மாதம். நேற்று மாலை நல்ல காலால் 150 சென்டிமீட்டரும், சிகிச்சை பெற்ற காலால் 126-உம் தாவினாள். நல்ல காலின் அளவில் நூற்றுக்கு 90 பங்கு வேண்டும் என்பதை நான் சொல்லுமுன் அவளே கணக்குப் போட்டு, என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, 135-இல் ஒரு கோடு கிழித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.