கேட் மென்பொருளுக்கும் ஒரு குடவோலை!

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு, குடவோலைத் தேர்தலுக்குப் பெயர் பெற்றது. ஆனால், குடத்தில் ஓலை போடும் முன்பே தகுதி பார்த்தார்கள் என்பதுதான் அதன் சிறப்பு. 921-ம் ஆண்டு விதிப்படி வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்துக்கே போகாது.

லினக்ஸ் லேப்டாப்பில் பிளான் வரைய மென்பொருள் தேடும் பாலிடெக்னிக் மாணவருக்கும் இந்த வழிதான் நல்லது. முதலில் தகுதி, பிறகு தேர்வு.

ஆட்டோகேடை லினக்ஸில் நேரடியாக நிறுவ முடியாது. அதற்காக யாரோ பென்டிரைவில் தரும் திருட்டுப் பிரதியை நம்பினால், கூடவே வைரஸும் வரலாம். மாணவர்களுக்கான இலவச உரிமம் உண்டு. ஆனால், அதை வைத்துக் காசு வாங்கி வேலை செய்யக் கூடாது.

முதல் கேள்வி, என்ன வரையப் போகிறீர்கள்? வீட்டு பிளான், மனை வரைபடம் போன்ற 2டி வேலை என்றால் லிப்ரேகேட் போதும். பழைய லேப்டாப்பிலும் ஓடும். இயந்திர பாகம், 3டி மாடல் என்றால் ஃப்ரீகேட். ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்த மற்ற பகுதிகளும் மாறிக்கொள்ளும். 2002-ல் தொடங்கிய இதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. இரண்டுமே இலவசம், சம்பாதிக்கவும் பயன்படுத்தலாம்.

அடுத்த கேள்வி, உங்கள் கோப்பை யார் திறக்கப் போகிறார்கள்? இன்ஜினீயர் அலுவலகங்களில் பெரும்பாலும் டி.டபிள்யூ.ஜி. கோப்பு கேட்பார்கள். லிப்ரேகேடில் அப்படிச் சேமிக்க முடியாது, டி.எக்ஸ்.எஃப். ஆகத் தரலாம். அதை ஆட்டோகேடும் திறக்கும். டி.டபிள்யூ.ஜி.தான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தால், லினக்ஸில் ஓடும் பிரிக்ஸ்கேட் இருக்கிறது. அதற்குக் காசு கொடுக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. பழைய பிளான் ஒன்றைத் திறந்து, ஒரு சுவரை அளந்து பாருங்கள். 10 அடிச் சுவர் 120 அங்குலம் என்று வர வேண்டும். 120 மில்லிமீட்டர் என்று காட்டினால், அலகை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு பிரின்ட் எடுத்து, ஸ்கேல் வைத்தும் பாருங்கள்.

கொத்தனார் மனையில் கயிறு கட்டுவது அந்தத் தாளை நம்பித்தான்!