சிபாரிசுக் கடிதமும் சட்டத்துறைப் பயிலுநரும்

சட்டத்தின் முன் யாவரும் சமமானவர்கள் என இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை கூறுகின்றது. கூற்று நன்று. ஆயின், அச்சட்டத்தை எடுத்து வாதிக்கும் தொழிலிற் புக விழைவோருக்கு அச்சமத்துவம் உண்டோ என வினவுவார் மிகச் சிலரே. வினவாமைக்குக் காரணமும் உண்டு. வாயிலைக் கடந்துவிட்டவர் அதன் ஒடுக்கத்தைப் பேசுவதில்லை. கடக்கமாட்டாதவர் பேசினாலோ, எட்டாத பழம் புளிக்கும் என்னும் ஒரு வாசகத்தோடு அவர் வாய் அடைக்கப்படுகின்றது.

சட்டக் கல்வியென்பது பரீட்சைகளாற் கட்டப்பட்ட படிக்கட்டு. 1874ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இலங்கைச் சட்டக் கல்லூரி கொழும்பு புதுக்கடையில் அமைந்துள்ளது. அதன் நுழைவுப் பரீட்சையிலே தேறுபவர் தொகை விண்ணப்பிப்போர் தொகையோடு ஒப்பிடுமிடத்து மிகச் சொற்பம். பல்கலைக்கழகத்திற் சட்டமாணிப் பட்டம் பெற்றவரும் சட்டத்தரணியாக வேண்டின் அக்கல்லூரியின் இறுதிப் பரீட்சைகளைக் கடந்தே ஆகவேண்டும். இவையாவும் கடினமானவை, எனினும் நேர்மையானவை. விடைத்தாளிலே பெயரில்லை, ஊரில்லை, சுட்டிலக்கம் ஒன்றே உண்டு. பரீட்சைகளின் பின்னரோ, ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியின் கீழ் ஆறு மாதம் பயிலுநராகக் கடமையாற்றி, அவரிடம் சான்று பெற்று, அதன் பின்னரே உயர் நீதிமன்றத்திற் சத்தியப்பிரமாணம் செய்துகொள்ளல் வேண்டும். இவ்விடத்திலேதான் சுட்டிலக்கம் மறைந்து பெயர் வெளிப்படுகின்றது. பரீட்சை மண்டபத்தில் விடைகளால் அளக்கப்பட்டவன், சிரேஷ்டரின் அறையிலே தன் தந்தையால் அளக்கப்படுகின்றான்.

அரசு சட்டத்தரணியாவதற்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியுள்ளது. அப்பயிற்சிக்கான இடத்தையோ தனியாரின் தயவிலே விட்டுள்ளது. கட்டாயமும் தயவும் ஒன்றுசேருமிடத்து விளைவது அடிமைத்தனத்தின் ஓர் இலேசான வடிவமேயாம். இத்தொழிலின் மூத்தோர் இச்சொல்லைக் கேட்டு முகஞ் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

பயிலுநர் இடமொன்று வெறிதாகவுள்ளது என்னும் விளம்பரத்தைப் பத்திரிகையிற் கண்டவர் எத்தனை பேர்? அது காதோடு காதாகச் சொல்லப்படும் செய்தி. மாமனார் ஒருவர் கொழும்பிலே கணக்காளராயிருப்பார், அவருடைய நண்பர் ஒரு நிறுவனத்தின் பங்காளராயிருப்பார், சிபாரிசுக் கடிதம் ஒன்று புறப்படும், இடம் நிரம்பிவிடும். மாமனார் இல்லாதவர் மின்னஞ்சலில் விண்ணப்பங்களை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். மறுப்பென ஒரு வரி எழுதும் மரியாதைதானும் அவருக்குக் கிட்டுவது அருமை.

கொழும்பின் பழம்பெரும் சட்ட நிறுவனங்களின் தோற்றத்தை நோக்குவார்க்கு இதன் வேர் புலப்படும். எவ். ஜே. அன் ஜீ. டி சேரம் நிறுவனம் 1841இலும், யூலியஸ் அன் கிறீசி நிறுவனம் 1879இலும் தோன்றின. பெருந்தோட்டமும் கப்பலும் வங்கியும் வளர்ந்த குடியேற்றக் காலம் அது. அந்நாளைய வாணிபத்தின் மொழி ஆங்கிலம்; ஆகவே அதனைப் பேணிய சட்டத் தொழிலின் மொழியும் ஆங்கிலமாயிற்று. இதிலே வியப்பொன்றுமில்லை. குடியேற்றவாதம் போன பின்னரும் அது வகுத்த நாகரிகமே ஆட்சேர்ப்பின் அளவுகோலாக நிலைபெற்றிருத்தலே வியப்புக்குரியது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே, படுவான்கரையின் வெல்லாவெளியிலோ கொக்கட்டிச்சோலையிலோ பிறந்து, தமிழ் மொழிமூலம் கற்று, சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சை வரை ஏறிவந்த மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்க. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை 'பாதை' எனப்படும் மிதவையிலே வாவியைக் கடந்து பட்டினஞ் சென்ற மக்களின் மகள் அவள். நேர்முகத்துக்கான அழைப்பு எப்படியோ வருகின்றது. மட்டக்களப்பிலிருந்து இரவுப் புகையிரதம் ஏறி, விடியற்காலையிற் கொழும்புக் கோட்டையில் இறங்கி, நிலையத்திலேயே முகங்கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு அவள் செல்கின்றாள். அங்கு எழும் வினாக்கள் யாவை? ஒப்பந்தச் சட்டமா? சான்றுச் சட்டமா? எந்தப் பாடசாலை, தகப்பனார் என்ன செய்கிறார், கொழும்பில் எங்கே தங்குவீர், விவாகம் எப்போது என்பனவே. தமிழராகிய சிரேஷ்டரிடம் சென்றாலும் பேதமில்லை. "தங்கச்சி ஆருடைய மகள்?" என்னும் வினா கனிவோடு கேட்கப்படும். கனிவு மெய்யானதே. ஆயின் மீன்பிடிப்பவரின் மகள் என்னும் விடையும் வைத்தியரின் மகள் என்னும் விடையும் ஒரே நிறையுடையனவாய் அவ்வறையில் விழுவதில்லை என்பதை வினவியவரும் அறிவார், விடையிறுத்தவளும் அறிவாள்.

இடம் கிடைத்துவிட்டதென்றே கொள்வோம். ஆறு மாத வாடகையும் உணவும் பேருந்துக் கட்டணமும் கறுப்பு வெள்ளை உடுப்பும் யாருடைய செலவு? பயிலுநருக்கு இன்ன தொகை கொடுக்கப்படல் வேண்டும் என்று சிரேஷ்டரைக் கட்டுப்படுத்தும் விதி இல்லை. சிலர் மனமிரங்கிப் போக்குவரத்துச் செலவைக் கொடுப்பர். பலர் கற்பிப்பதே கொடை எனக் கருதுவர். ஊரிலேயே ஒரு சட்டத்தரணியின் கீழ்ப் பயிலலாமே எனின், பயிலலாம். பலர் அவ்வாறே பயில்கின்றனர். ஆனால் கம்பனிச் சட்டமும் மேன்முறையீடும் கொழும்பிலேயே குவிந்துள்ளன. ஆகவே பணமுள்ளவர் பிள்ளை அவற்றைப் பயில, மற்றவர் பிள்ளை நீதவான் நீதிமன்றத்தின் தவணைகளை எண்ணிக்கொண்டிருக்கும் பிரிவினை, தொழிலின் முதல் நாளிலேயே நிச்சயிக்கப்பட்டுவிடுகின்றது.

இப்பிரிவினை புதியதன்று. முற்காலத்தில் அப்புக்காத்து, பிறக்கிறாசி என இரு வகுப்பார் இருந்தனர். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அப்பேதத்தை ஒழித்து, 1974 சனவரி முதல் யாவரையும் சட்டத்தரணி என ஒரே பெயரால் அழைத்தது. பெயர் ஒன்றாயிற்று, தொழிலின் இரு மாடிகளோ அப்படியே இருந்தன. இத்தனைக்கும் கல்குடாத் தொகுதியின் கே. டபிள்யூ. தேவநாயகம் 1977இல் அமைந்த அரசாங்கத்திலே நீதி அமைச்சராயிருந்தார். வாவிக்கரையிலிருந்து ஒருவர் உச்சிக்கு ஏறியமையாற் படிக்கட்டு அகன்றுவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மொழியைப் பற்றி ஒரு சிலர் உரத்துப் பேசுவர். உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஆங்கிலத்தில் இயங்குகின்றன. ஆங்கிலம் அறியாப் பயிலுநரால் என்ன பயன் என்பர். ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுப்பது மூடத்தனம். தமிழ்ப் பற்றின் பேரால் அதை மறுப்போர் ஏழைப் பிள்ளைகளுக்கே தீங்கிழைக்கின்றனர். ஆனால் வேண்டுவது சட்ட நூலையும் தீர்ப்பையும் வாசித்து எழுதும் ஆங்கிலமா, கொழும்புப் பாடசாலையின் உச்சரிப்பா? முன்னையதை ஓர் எழுத்துப் பரீட்சையால் அளக்கலாம். அளக்கப்படுவது பின்னையதேயாம். சட்டக் கல்லூரிப் பரீட்சைகள் ஆங்கிலத்திலேயே நடைபெறும் என 2020 டிசம்பர் இறுதியில் வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அவ்விதிகளை நிராகரித்தது. முன்வாயிலில் இவ்வாறு வெளிப்படையாகத் தோற்ற விதி, பின்வாயிலாகிய நேர்முக அறையிலே ஒருவர் வாக்குமின்றி நாள்தோறும் நிறைவேறுகின்றது.

அன்றியும், வடக்குக் கிழக்கின் முதனிலை நீதிமன்றங்கள் பெரும்பாலும் தமிழிலேயே நடைபெறுகின்றன. மட்டக்களப்பிலே தமிழில் விளங்கி, தமிழிற் பதிவாகி, தமிழ் உறுதிகளின் மீது தீர்க்கப்பட்ட காணி வழக்கொன்று மேன்முறையீடாகிக் கொழும்பு செல்லும்போது, அவ்வுறுதியை மூலமொழியில் வாசிக்கவல்லார் வேண்டாமோ? 'தமிழ் மட்டுமே நன்கு தெரியும்' என்று கழிக்கப்பட்டவள் பயன்படும் இடம் அது.

காணி வழக்குகளின் உட்பொருளோ இன்னும் நுண்ணியது. வாவிப் பிரதேசத்திலே குடி தாய்வழியால் வருவது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாய்ச் செல்வது வழக்கம். இங்கு வழங்கிய முக்குவர் சட்டம் பற்றிப் பிரிட்டோ எழுதிய நூல் 1876இல் வெளிவந்தது. அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் முக்குவர் சட்டம் நீதிமன்றங்களில் வழக்கிழந்தது. யாழ்ப்பாணத்தின் தேசவழமை 1707இல் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்டு இன்றும் சட்டமாய் நிற்க, மட்டக்களப்பின் வழமை மக்களின் வாழ்க்கையில் மாத்திரம் எஞ்சியது. அவ்வாழ்க்கையின் மீதே 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரங்களோடு வந்து அமர்ந்தது. பின்னுரித்தாளரை நியமிக்காது பத்திரகாரர் இறப்பின், ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை என்பது அதன் அட்டவணை. தாய் கொடுத்த வீட்டிலே மகள் குடியிருக்க, சட்டத்தின் கண்ணுக்கு அண்ணனே உரித்தாளனாகத் தோன்றினான். 2022இல் அவ்வேற்பாடு திருத்தப்பட்டது. அதற்கு முன் பிளவுண்ட குடும்பங்கள் அதனால் ஒட்டிவிடவில்லை. இத்தகைய வழக்கொன்றின் கட்சிக்காரி வந்து பேசும்போது, 'குடி' என்னும் சொல்லுக்கு விளக்கங் கேளாத சட்டத்தரணி வேண்டும். அப்படிப்பட்டவள் நேர்முகத்திலே தந்தையின் தொழிலைச் சொல்லித் தோற்றுத் திரும்பிவிட்டாள் எனின், இழப்பு அவளோடு முடிவதில்லை.

கொழும்பை மட்டும் ஏசிவிட்டு ஓய்தல் நேர்மையாகாது. உள்ளூர்ச் சிரேஷ்டர் சிலரின் கீழ்ப் பயிற்சியென்பது கோப்புச் சுமத்தலும், தவணை கேட்க ஓடுதலும், தேநீர் வாங்கி வருதலுமேயாம். ஆறு மாதத்தில் ஓர் எழுத்துமூலச் சமர்ப்பணந்தானும் எழுதிப் பாராமலே சான்று பெற்றோர் உளர். பெண் பயிலுநரை ஏற்க மறுத்து, 'ஊர் ஏதும் கதைக்கும்' எனக் காரணங் கூறுவோரும் உளர். ஊர் கதைப்பதற்கு அஞ்சும் ஒருவர் ஊராரின் வழக்கை எங்ஙனம் பேசுவார் என்பது தனியே ஆராயத்தக்கது.

"நாங்களும் இப்படித்தான் கஷ்டப்பட்டு வந்தோம்" என்பது மூத்தோர் கையிலுள்ள இறுதி அஸ்திரம். கஷ்டம் கல்வியாகாது. தமிழகத்திலே 2024 யூனில் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வழக்கறிஞருக்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் நகரங்களில் மாதம் 20,000 இந்திய ரூபாவும் ஏனைய இடங்களில் 15,000 ரூபாவும் வழங்கப்படல் வேண்டும் எனப் பணித்தது. அங்குள்ள மூத்தோரும் கஷ்டப்பட்டே வந்தவர்கள். இங்கிலாந்திலே 2021இல் வந்த புதிய முறைப்படி, சட்ட உதவி நிலையங்களிற் பெறும் அனுபவமும் தகுதிப் பயிற்சியாகக் கணக்கிடப்படுகின்றது. இலங்கையில் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. மட்டக்களப்பிலும் அதன் நிலையம் உண்டு. வறியவரின் வழக்குகள் குவியும் அத்தகைய இடங்களிலே, பயிலுநருக்குக் கொடுப்பனவோடு கூடிய இடங்களை வேண்டுமளவு ஏற்படுத்துவதற்குத் தடையாயிருப்பது பணமின்மை மாத்திரந்தானா என்பதை நீதி அமைச்சு விளக்கல் வேண்டும்.

கொடுப்பனவு வரும்வரை காத்திராமலே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பயிலுநரை ஏற்கும் ஒவ்வொரு சிரேஷ்டரும் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் எத்தனை இடம் உளது, விண்ணப்ப முடிவுத் திகதி யாது, தெரிவு எதன் அடிப்படையில், என்ன கொடுக்கப்படும் என்பவற்றை மூன்று மொழிகளிலும் எழுதி, புதுக்கடையிலும் மட்டக்களப்பு நீதிமன்ற அறிவித்தற் பலகையிலும் ஒட்டுவித்தல் வேண்டும். நேர்முகத்துக்கு முன் சுட்டிலக்கமிட்ட ஓர் எழுத்துப் பரீட்சை வைத்தல் வேண்டும். தெரிவானவர் பெயரையும் அதே பலகையில் ஒட்டல் வேண்டும். இதற்கு நாடாளுமன்றத்திற் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. ஒரு தாளும் நான்கு குண்டூசியும் போதும்.