‘பிரபு’ என்று அழைத்தவன் இனி என்ன சொல்லி அழைப்பான்?



ஆண்டிறுதித் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் வரையிலான அந்த இரண்டு மூன்று வாரங்களை ஆசிரியர்கள் நன்கறிவர். பாடநூல் மூடிக் கிடக்கும். மாணவர் மனமோ எப்போதோ பாட்டி வீட்டுக்குப் போயிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், அப்படியொரு காலத்தில், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரின் சில பகுதிகளைத் தேர்ந்தெடுத்து வகுப்பறையில் காட்டினேன். ஜப்பானிய ஒலி, ஆங்கில வரிகள். அவற்றை நான் தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டே வருவேன். ‘வண்ண வண்ண உடையணிந்து அடித்துக்கொள்ளும் படத்தைப் பள்ளியில் காட்டுவதா?’ என்று ஒரு தந்தையார் கேட்டனுப்பினார். நியாயமான கேள்விதான். அன்று அவருக்குச் சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. விரிவான பதில் இது.

தொடரின் பெயர் ‘சாமுராய் சென்டாய் ஷின்கென்ஜர்’. 1975-இல் ‘கோரெஞ்சர்’ என்ற தொடருடன் தொடங்கிய ‘சூப்பர் சென்டாய்’ வரிசையில் இது 33-ஆவது. 2009 பிப்ரவரி முதல் 2010 பிப்ரவரி வரை, ஞாயிறு காலைகளில், 49 பகுதிகளாக ஜப்பானில் ஒளிபரப்பானது. இதன் முதன்மைக் கதாசிரியர் யாசுகோ கோபாயாஷி என்னும் பெண்மணி. தொடரை இனிமேல்தான் பார்க்க எண்ணியிருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கடைசி ஆறு பகுதிகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அவற்றின் முடிச்சை அவிழ்க்காமல் பேச வழியில்லை.

முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன். இறந்தோர் கடக்கும் சன்சு ஆற்றிலிருந்து (நம்மவர் வைதரணி என்பதைப் போன்றது) அரக்கர் கூட்டம் மனிதவுலகுக்குள் நுழைகிறது. அதன் தலைவன் டோகோகு. தலைமுறை தலைமுறையாக அவர்களை எதிர்த்து நிற்பது ஷிபா என்னும் சாமுராய்க் குடும்பம். அதன் 18-ஆம் தலைவன் தகேரு என்னும் இளைஞன். அவனுக்குத் துணைநிற்கக் கடமைப்பட்ட குடும்பங்களிலிருந்து ரியூனோசுகே, மாகோ, சியாக்கி, கொத்தோஹா என்று நால்வர் வருகிறார்கள். பின்னர் கென்தா என்ற சுஷி விற்பனையாளன், தகேருவின் பால்ய நண்பன், தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறான்.

இவர்களின் ஆயுதம் எழுத்து! தூரிகையை எடுத்துக் காற்றில் ‘நெருப்பு’ என்று எழுதினால் நெருப்பு எழும். ‘நீர்’ என்று எழுதினால் நீர் பாயும். கையெழுத்தைத் திருத்தித் திருத்தியே வாழ்நாளைக் கழிக்கும் என்னைப் போன்றவனுக்கு இதைவிட இனிய கற்பனை வேறென்ன வேண்டும்? அந்த வாரம் என் வகுப்பில் காற்றில் எழுதப்பட்ட ‘தீ’க்களுக்குக் கணக்கில்லை. ஒருவன் சுழியைத் தவறாகப் போட்டுவிட்டு, ‘அதனால்தான் ஐயா பற்றவில்லை’ என்றான்.

டோகோகுவை நிரந்தரமாக அடைத்துப்போடும் ஓர் எழுத்தும் உண்டு. அது ஷிபா குடும்பத் தலைமைக்கு மட்டுமே வழிவழியாக வருவது. ஆகவே தகேரு இறந்துவிட்டால் உலகுக்கு வேறு நம்பிக்கையே இல்லை என்று தோழர்கள் நம்புகிறார்கள். அவனைக் காக்கத் தம் உயிரையும் கொடுக்கத் துணிகிறார்கள். அவர்கள் அப்படித் துணியும்போதெல்லாம் தகேருவின் முகம் மகிழ்வதில்லை, இருண்டு போகிறது. என் மாணவர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். ‘ஏன் ஐயா அவர் சிரிக்கவே மாட்டேன் என்கிறார்?’ என்று கேட்டார்கள். பொறுங்கள் என்றேன்.

44-ஆம் பகுதியில் ஒரு சிறுமி வந்து நிற்கிறாள். பெயர் கவோரு. ஷிபா குடும்பத்தின் உண்மையான 18-ஆம் தலைவி தானே என்கிறாள். அடுத்த பகுதியின் தலைப்பே ‘நிழல் வீரன்’. ஜப்பானியர் ‘ககேமுஷா’ என்பார்கள். தலைவனைக் காப்பதற்காக அவனைப் போல் நடித்து எதிரியின் கண்ணைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் மாற்றாள். இயக்குநர் அகிரா குரோசாவா 1980-இல் இதே பெயரில் எடுத்த படம் கான் விழாவின் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதில் ஒரு திருடன், இறந்துபோன தகேதா ஷிங்கேனாக நடிக்கிறான். அங்கே மாற்றாள் வளர்ந்த மனிதன். தொலைக்காட்சித் தொடரிலோ சிறு பிள்ளை. பொய் என்றால் இன்னதென்று அறியும் வயதுக்கு முன்பே பொய்யின்மேல் உட்காரவைக்கப்பட்டவன் தகேரு. உண்மையான வாரிசு மறைவிடத்தில் அடைக்கும் எழுத்தைக் கற்றுத் தேறும்வரை, எதிரிகள் இவனையே குறிவைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதுவே ஏற்பாடு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 44 வாரங்களாகக் குழந்தைகளிடமும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். தலைவன் என்று நம்பவைத்துவிட்டு, ஆண்டு முடியப் போகும் வேளையில் ‘அவன் தலைவனில்லை’ என்கிறார்கள். பொம்மை விற்பதற்காகவும் எடுக்கப்படும் ஒரு சிறுவர் தொடருக்கு இத்தனை துணிவா என்று முதன்முறை பார்த்தபோது வியந்தேன். பின்னோக்கிப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. முதல் பகுதியிலேயே, விசுவாசம் என்பதற்காக என்னுடன் வராதீர்கள், உறுதி இருந்தால் மட்டும் வாருங்கள் என்று தகேரு அந்த நால்வரிடமும் கடுகடுப்பாகச் சொல்கிறான். அன்று அது ஆணவமாகப் பட்டது. விசுவாசத்தைக் கேட்கும் உரிமை தனக்கில்லை என்று அவனுக்கு அன்றே தெரியும்!

45, 46, 47 ஆகிய மூன்று பகுதிகளையும் ஒரு மொழியாசிரியன் என்ற முறையில் நான் பார்த்தது விளிச்சொற்களின் வழியாகத்தான். ரியூனோசுகே தகேருவைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘தொனோ’ என்பான், நான் ‘பிரபு’ என்று சொல்லி வந்தேன். கொத்தோஹாவும் அப்படியே. சியாக்கியும் மாகோவும் முதலிலிருந்தே வெறுமனே ‘தகேரு’ என்பார்கள். கென்தாவுக்கு அவன் செல்லப் பெயரிட்டு அழைக்கும் பழைய நண்பன். சாதாரணமாக இதையெல்லாம் குணவேறுபாடு என்று கடந்துபோவோம். ஆனால் உண்மை வெளிப்பட்ட அந்த நாளில், யார் எப்படி அழைத்தார்களோ அதுவே அவரவர் நிலையைத் தீர்மானிக்கிறது. கென்தாவிடமிருந்து எதையும் எவராலும் எடுக்க முடியவில்லை. அவனுடைய நண்பன் நேற்றும் நண்பன், இன்றும் நண்பன். பெயர் சொல்லி அழைத்தவர்களிடம் பெயராவது மிஞ்சுகிறது. ரியூனோசுகேயின் வாயிலிருந்த ஒரே சொல்லோ இப்போது வேறொருத்திக்கு உரியது. தன் தலைவனை அழைக்க அவனிடம் சொல்லே இல்லை.

காபுகி நாடகக் குடும்பத்தில் பிறந்தவன் அவன். முறை என்றால் முறை. தகேருவைத் தேடி மற்றவர்கள் கிளம்ப, இவன் மட்டும் உறைந்து நிற்கிறான். அவனை அசைப்பது யார் தெரியுமா? ‘குரோகோ’. காபுகி மேடையில் கறுப்புடையும் முகத்திரையும் அணிந்து பொருள்களை எடுத்து வைக்கும் பணியாளர்கள். அவர்கள் இருந்தும் இல்லாதவர்கள் என்று கொள்வது மரபு. தொடர் முழுக்க நகைச்சுவைக்காக வந்துபோன அவர்களில் ஒருவர் முகத்திரையை விலக்கி ரியூனோசுகேயிடம் பேசுகிறார். கண்ணுக்குத் தெரியாதவராகவே இருக்கக் கடமைப்பட்ட ஒருவர் முகம் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் வேறெந்தக் கதையிலும் கண்டதில்லை.

கொத்தோஹாவைப் பற்றி ஒரு சொல். நோயுற்ற அக்காளுக்குப் பதிலாக வந்தவள் அவள். அவளும் ஒருவகையில் மாற்றாள்தான். தலைவன் மாற்றாள் என்றதும் அந்தப் பெண்ணின் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? கதாசிரியர் இதை இன்னும் கொஞ்சம் தொட்டிருக்கலாம் என்பது என் குறை.

தகேருவோ, தன்னிடமிருந்தவை அத்தனையும் கடன் வாங்கியவை, வாள் ஒன்றே தன்னுடையது என்று எண்ணி, போருக்காகவே உயிர்வைத்திருக்கும் ஜூசோ என்பவனுடன் தன்னந்தனியே மோதப் போகிறான். வெல்வதில் அவனுக்கு அக்கறையில்லை. சுற்றிலும் தீ எழ, தோழர்களின் குரல்தான் அவனை மீட்கிறது. பொய்யாக ஒன்றைச் சொல்லி வாழ்ந்த நாள்களிலும் உடன் உண்டதும், உடன் அடிபட்டதும் பொய்யாகிவிடுமா என்பதே அங்கே எழும் வினா. ஆகாது என்கிறது தொடர். ஆனால் தகேரு சொன்ன பொய்யை அது மழுப்பவில்லை. அவன் அழுகிறான், நெடுநேரம் அழுகிறான். அவனை வளர்த்த முதியவர் ஹிகோமாவின் முகத்தையும் பாருங்கள். ஒரு பிள்ளையைச் சுமக்கச் சொன்ன பாரம் எத்தகையது என்று அந்தப் பெரியவருக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பகுதிகளைப் பிள்ளைகளைவிடப் பெற்றோர்கள் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது அந்த முகத்துக்காகத்தான்.

இனி, நான் தடுமாறிய இடத்துக்கு வருகிறேன். 44-ஆம் பகுதியைக் காட்டிய அன்று மாலைதான் எனக்கு உறைத்தது. அவ்வகுப்பில் தத்தெடுக்கப்பட்டு வளரும் மாணவன் ஒருவன் இருந்தான். அது அவனுக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும்; சண்டை வந்தால் அதைச் சொல்லிக் காட்டும் பிள்ளைகளும் இருந்தார்கள். ‘நீ உண்மையான பிள்ளை இல்லை’ என்று திரையில் வேறு கேட்க வேண்டுமா? மறுநாள் கணினி பழுது என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அதற்கு மறுநாளும் அதே பொய். மூன்றாம் நாள் அந்த மாணவனே ஆசிரியர் அறைக்கு வந்தான். ‘ஐயா, கணினி கெட்டுப்போகவில்லை என்று எனக்குத் தெரியும். மிச்சத்தைப் போடுங்கள்’ என்றான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. போட்டேன்.

கவோரு எழுதிய அடைக்கும் எழுத்து பலிக்காமல் போகிறது. டோகோகு தாயூ என்பவளைத் தன்னுள் சேர்த்துக்கொண்டிருந்தான். அவளிடம் எஞ்சியிருந்த மனிதக் கூறு அவனைக் காத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட இரகசியம், ஒரு சிறுவனின் பிள்ளைப் பருவத்தையே விலையாகக் கொடுத்துக் காக்கப்பட்ட இரகசியம், ஒரே நொடியில் வீண். காயமுற்ற கவோரு அப்போது எடுக்கும் முடிவுதான் தொடரின் உச்சம்: தகேருவைத் தன் மகனாகத் தத்தெடுக்கிறாள், அவனை 19-ஆம் தலைவனாக்குகிறாள்.

முதலில் இது எனக்குப் பிடிக்கவில்லை. உறவே போதும் என்று மூன்று பகுதிகளாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் அவனுக்கு ஒரு குடும்ப முத்திரை எதற்கு? பின்னர் ஜப்பானிய வரலாற்றைப் படித்தபோது என் எண்ணம் மாறியது. சாமுராய்க் குடும்பங்களில் வாரிசு இல்லாதபோது தத்தெடுத்துத் தலைமையைத் தொடர்வது பரவலான வழக்கம். மரணப்படுக்கையில் அவசரமாகத் தத்தெடுப்பதற்குத் தடை இருந்ததால், வாரிசற்ற குடும்பங்கள் பல கலைக்கப்பட்டு, அவற்றை நம்பியிருந்த சாமுராய்கள் தலைவனின்றித் தெருவுக்கு வந்தார்கள். 1651-இல் அரசு அத்தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஆகவே கவோரு கண்டது சட்டத்தின் சந்தல்ல. அந்த மண்ணில் ஒரு குடும்பம் பிழைத்து வந்த நேர்வழியே அதுதான். தத்துப்பிள்ளை அங்கே இரண்டாந்தரம் அல்லன்.

இதே கதையை அமெரிக்கர்கள் ‘பவர் ரேஞ்சர்ஸ் சாமுராய்’ என்றும் அதன் தொடர்ச்சியாகவும் 2011, 2012-இல் எடுத்தபோது, உண்மைத் தலைவியை நாயகனின் உடன்பிறந்த அக்காள் ஆக்கிவிட்டார்கள். இரத்த உறவு வந்ததும் கதையின் முள் முறிந்துவிட்டது. தலைவியின் தம்பி ஒருநாளும் அந்நியன் ஆகமாட்டான் அல்லவா? நம் பிள்ளைகள் பெரும்பாலும் பார்ப்பது அதைத்தான். அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மூலத்தையும் உடனிருந்து பார்க்க வையுங்கள் என்கிறேன்.

இறுதிப் போரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூப்பர் சென்டாய் தொடர்களின் இறுதிப் போர்கள் எப்படியிருக்குமோ அப்படி. ஓர் இடம் மட்டும் அழகு. ‘உபாயம் என்ன?’ என்றால், முழு பலத்தோடு மோதுவதுதான் உபாயம் என்கிறான் தகேரு. பிறகு அவரவர் ஊருக்கு அவரவர் கிளம்புகிறார்கள். கென்தா சுஷி விற்கப் பாரிசுக்கே போகிறான்.

என் வகுப்பு சிரித்தது அதற்கு முன்னால், 48-ஆம் பகுதியில். தகேரு தலைவனாவதைக் கவோருவின் காப்பாளர் தான்பா மறுத்துக் குதிக்க, அவள் காகித விசிறியால் அவர் தலையில் ஒன்று போடுகிறாள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன் அம்மாணவன் கை உயர்த்தினான்.

‘ஐயா, கவோரு தகேருவைவிடச் சின்னவள்தானே? இனிமேல் அவன் அவளை அம்மா என்றா கூப்பிடுவான்?’

வகுப்பே அதிர்ந்தது. ‘தங்கச்சி அம்மா!’ என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். கேட்டவனும் மேசையில் தலைகவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.