பாட்டரிக்கு நாடி பாருங்கள்!

பாட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை என்றதும், "புதுசு ஒன்று வாங்கி வாருங்களேன்" என்று சொல்லிவிடுகிறோம். வீட்டு இன்வெர்ட்டரானால் நஷ்டம் பணத்தோடு போகும். குளச்சலிலும் முட்டத்திலும் இருட்டோடு கிளம்பும் வள்ளமானால்? ராத்திரி விளக்கு, வழி காட்டும் ஜி.பி.எஸ்., கரையோடு பேசும் ஒயர்லெஸ் எல்லாம் பெரும்பாலும் ஒரே 12 வோல்ட் பெட்டியைத்தான் நம்பியிருக்கின்றன. 2017 நவம்பர் 30-ந் தேதி ஓகிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியபோது, ஆழ்கடலுக்குப் போய்விட்ட எத்தனையோ பேருக்குச் சேதி எட்டவில்லை. தூரத்தை நாம் குறைக்க முடியாது, சகோதரிகளே! பாட்டரியையாவது உயிரோடு வைத்துக் கொள்ளலாமே?

வள்ளத்தின் பின்னால் தொங்கும் எஞ்சினைப் பெரும்பாலும் கயிறிழுத்தே கிளப்பிவிடுவார்கள். ஆகையால் பாட்டரி மெலிவது வெகு நாள் தெரிவதில்லை. நடுக்கடலில் விளக்கு மங்கும்போதுதான் தெரியும். சில எஞ்சின்களில் சார்ஜ் செய்யும் காயிலே கிடையாது. அதை முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். இல்லையென்றால் கரையில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

பிறகு மல்டிமீட்டரால் நாடி பாருங்கள். ராத்திரி முழுதும் சும்மா இருந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனால் பட்டினி. எஞ்சினைத் தண்ணீரில் இறக்கி, சற்று வேகமாக ஓடவிட்டு மறுபடி அளக்க வேண்டும். 14 வோல்ட்டை ஒட்டி ஏறினால் சார்ஜ் வருகிறது. அப்படி வந்தும் மறுநாளே இறங்கிவிட்டால் பாட்டரிக்கு வயதாகிவிட்டது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். பாட்டரித் தண்ணீர் வற்றிவிடும்.

வோல்ட் ஏறவே இல்லையா? முதல் சந்தேகம் உப்பின் மேல்! வயர் மாட்டும் முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். எஞ்சினை நிறுத்தி, வயரைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துலக்குங்கள். உள்ளே ஒரு சொட்டும் போகக்கூடாது. ஈரம் போகத் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாஸலின் தடவுங்கள். அடுத்தது பியூஸ். இரண்டும் சரியாயிருந்தால் காயிலையும் ரெக்டிபையரையும் மெக்கானிக் பார்க்கட்டும்.

மூன்று காரியங்கள் மட்டும் கூடவே கூடாது. பிளஸ், மைனஸை மாற்றி மாட்டக்கூடாது. எஞ்சின் ஓடும்போது பாட்டரி வயரைக் கழற்றக்கூடாது. இரண்டாலும் ரெக்டிபையர் கருகிவிடும். சார்ஜ் ஏறும் பாட்டரியருகே தீக்குச்சி கிழிக்கக்கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வெடித்துவிடும்.

நாகர்கோவில் வீட்டு இன்வெர்ட்டர் முரண்டு செய்தாலும் முதலில் முனைகளைப் பாருங்கள். கடைக்குப் போவது அப்புறம் இருக்கட்டும்!